24 நாள் குஞ்சு: தண்ணியாக் கழியுது, வயிறு ஊதிக் கிடக்கு, விடாம தண்ணி குடிக்குது

கடலோரக் கோழிக்காரி

வணக்கம். கோழி விஷயம் தெரிஞ்சவங்க பாத்துச் சொல்லுங்க. மிச்சம் இருக்கிறதும் போயிருமோன்னு பயமா இருக்கு.

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல கடல் ஓரத்துல எங்க ஊரு. சித்திரை பொறந்ததும் ஒரு செவலைப் பெட்டைய 13 முட்டையில அடை வச்சேன், 11 பொரிச்சுச்சு. பத்தாம் நாளு தாய்க்கோழிய கீரி பிடிச்சிருச்சு. அன்னையில இருந்து குஞ்சுகளுக்கு நான்தான் தாய். மீன் போடுற தெர்மோகோல் பெட்டி பழசு ஒண்ணு இருந்துச்சு, அதுல மரத்தூள் பரப்பி 60 வாட்ஸ் பல்பு கட்டி வளக்குறேன். பகல்ல பல்பு வேண்டியதே இல்ல, அக்னி நட்சத்திர வெயிலு அப்படி.

இருபது நாள் வரைக்கும் துள்ளிக்கிட்டுத் திரிஞ்சதுக. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா மந்தமாகுது. முந்தாநாள் ஒண்ணு செத்துச்சு, இன்னிக்குக் காலையில ஒண்ணு. மூணு ரொம்ப மோசம். ஆறு ஓடியாடுது, ஆனா அதுகளும் தண்ணி அதிகமாத்தான் குடிக்குது.

ரொம்ப மோசமா இருக்கிறதுக்கு நெத்தியில வெள்ளைப் புள்ளி இருக்கும், மக அதுக்குப் பொட்டுன்னு பேரு வச்சிருக்கா. கையில எடுத்தா வயிறு தண்ணி அடைச்ச பலூன் மாதிரி குளுகுளுன்னு இருக்கு. எச்சம் பீச்சியடிக்குது, வெறும் தண்ணி, நடுவுல வெள்ளையா ஒரு நூலு. கிண்ணத்துல அலகை முக்கும், தலையத் தூக்கி முழுங்கும், மறுபடி முக்கும். எண்ணிப் பாத்தேன், நின்ன இடத்துல 17 தடவை. கிண்ணத்தை எடுத்தாக் கத்துது. ரெண்டு எட்டு வச்சதும் உக்காந்துக்குது. காலையில செத்தது மல்லாக்க விழுந்து, சைக்கிள் மிதிக்கிற மாதிரி காலை உதறிக்கிட்டே போயிருச்சு. பாக்க முடியல.

தீவனம் சத்தாத்தான் போடுறேன், குறை வைக்கல. மருந்துக் கடையில சொன்னேன், ஓஆர்எஸ் பொட்டலம் குடுத்தாங்க. நேத்துல இருந்து அதைத்தான் கலக்கி வச்சிருக்கேன். அதையும் குடிச்சுத் தீக்குதுக, ஆனா தேறுற மாதிரித் தெரியல.

---

தொண்டி சிறுவிடை

அக்கா, இது ரத்தக்கழிச்சல்தான், சந்தேகமே வேணாம். மூணு வாரத்துல இருந்து ஆறு வாரத்துக்குள்ள குஞ்சு சாகுதுன்னா பத்துக்கு எட்டு அதாத்தான் இருக்கும். நான் 200 சிறுவிடை நாட்டுக்கோழி வச்சிருக்கேன், போன வருசம் ஒரே வாரத்துல 31 குஞ்சு போச்சு. ஈரமான மரத்தூள்தான் எமன். எச்சத்துல வர்ற ஒட்டுண்ணியோட முட்டை ஒண்ணு ரெண்டு நாள் ஈரத்துல கிடந்தாப் போதும், அதைக் கொத்துற குஞ்சுக்கெல்லாம் ஒட்டிக்கும்.

ஆம்ப்ரோலியம் 20 சதவீதப் பொடி வாங்குங்க. லிட்டருக்கு 1.2 கிராம், அஞ்சு நாள். அது கலந்த தண்ணியத் தவிர வேற தண்ணி வைக்கக் கூடாது. மரத்தூளை இன்னிக்கே மாத்துங்க. தாமதிச்சா மொத்தமும் காலி.

---

தீவுக்காரி

ஏம்மா, தடுப்பூசி போட்டியா? ஏழாம் நாளு கண்ணுல ஒரு சொட்டு, மூக்குல ஒரு சொட்டு விடுவாங்களே, அது. போடலைன்னா வெள்ளைக்கழிச்சலா இருக்கும். எங்க வீட்டுல அது வந்தப்போ கழுத்து முறுக்கிக்கிட்டு வானத்தைப் பாத்துச்சுக. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி வச்சு அரைச்சு உருட்டிக் குடு. பொழைக்கிறது பொழைக்கும். பொட்டைப் பத்திரமாப் பாத்துக்கோ தாயி.

---

பழைய ஆய்வாளர்

தங்கச்சி, மருந்து எதுவும் கொடுக்காமல் கொஞ்சம் பொறுங்கள். கால்நடை ஆய்வாளராக முப்பது வருடம் இந்தக் கடற்கரையில் சைக்கிளிலும் பிறகு டிவிஎஸ்ஸிலும் அலைந்தவன் நான். மருத்துவர் இல்லை, அதனால் நான் சொல்வதைக் கால்நடை மருந்தகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி சொன்ன ரத்தக்கழிச்சலுக்கு வயது பொருந்துகிறது. ஆனால் அந்த நோய் வந்த குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி ஒடுங்கி நிற்கும். கிண்ணத்தை எடுத்தால் கத்திச் சண்டை போடாது. வெள்ளைக்கழிச்சலில் எச்சம் பச்சையும் வெள்ளையுமாக வரும், மூச்சு இழுக்கும், கழுத்து திருகும், பெரிய கோழிகளும் சேர்ந்து விழும். நீங்கள் சொன்னதில் என் கண்ணில் பட்டது அந்த 17 தடவைதான். அதோடு வயிற்றில் தண்ணீர்.

இதற்கெல்லாம் பதில் எழுதுங்கள். குஞ்சுக்கு வைக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குழாயா, போரா, ஊற்றா? சத்தான தீவனம் என்றீர்களே, அதில் என்னென்ன இருக்கிறது, எந்த நாளில் இருந்து போடுகிறீர்கள்? பெரிய கோழிகள் எப்படி இருக்கின்றன? ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன் மேல் பொட்டை அரை மணி நேரம் விட்டு எச்சத்தைப் பாருங்கள். காபிப்பொடி நிறமோ ரத்தச் சிவப்போ இருக்கிறதா?

---

கடலோரக் கோழிக்காரி

மக நோட்டுல ஒரு தாளைக் கிழிச்சு விரிச்சுப் பாத்தேன் அண்ணே. ரத்தம் சுத்தமா இல்ல. தாளே ஊறிப் போச்சு, அவ்வளவு தண்ணி.

பெரிய கோழிக நல்லாத்தான் மேயுது. தடுப்பூசி ஏழாம் நாளே போட்டுட்டோம், பக்கத்து ஊருல இருந்து வந்து சொட்டு விட்டாங்க.

தண்ணி போர்த் தண்ணிதான். எங்க ஊருல குடிக்கிற தண்ணி குடம் கணக்குல வாங்கணும். வண்டி வராத அன்னிக்கு மணல்ல ஊத்துத் தோண்டி, சிரட்டையால மோந்து மோந்து ஒரு குடம் நிறைய முக்கா மணி நேரம் ஆகும். அந்தத் தண்ணிய எடுத்துக் கோழிக்கு வச்சா மாமியார் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, பாப்பாங்க. அந்தப் பார்வை போதும். போர்த் தண்ணி உவர்தான், துணி துவைச்சா நுரை வராது. ஆனா பெரிய கோழிக அதைத்தானே வருசக் கணக்காக் குடிக்குது?

தீவனம் முதல் ரெண்டு வாரம் கடையில குஞ்சுத் தீவனம் சில்லறையா வாங்கிப் போட்டேன். வீட்டுக்காரர் விசைப்படகுல போறவரு. மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஜூன் 14 வரைக்கும் வீட்டுலதான் இருப்பாரு, கையில காசு ஓட்டம் இல்ல. அதனால பதினஞ்சாம் நாளுல இருந்து நொய் மூணு பங்கு, கருவாட்டுத் தூள் ஒரு பங்கு கலந்து போடுறேன். காரல், சூடை, கொஞ்சம் நெத்திலி. நாத்தனார் கருவாடு காயப்போடுறவங்க, உடைசல் ஒரு சாக்கு குடுத்தாங்க. கடைத் தீவனத்துலயும் மீன் தூள்தானே போடுறாங்க, புரதம்னு?

---

பழைய ஆய்வாளர்

அந்தத் தூளில் ஒரு சிட்டிகை எடுத்து உங்கள் நாக்கில் வைத்துப் பாருங்கள். வேறு எந்தச் சோதனையும் இப்போது வேண்டாம்.

---

கடலோரக் கோழிக்காரி

துப்பிட்டேன் அண்ணே. வெறும் உப்பு. ஊறுகாய்க்குப் போடலாம் போல இருக்கு.

---

பழைய ஆய்வாளர்

அதுதான் நோய்.

கோழித் தீவனத்துக்கென்று உப்புப் போடாமல் மணலில் அப்படியே காயவைக்கும் காரல் வேறு, மனிதர் சாப்பிட உப்பில் போட்டு எடுத்துக் காயவைப்பது வேறு. உங்கள் நாத்தனார் கொடுத்தது இரண்டாவது. உப்புக் கருவாட்டில் நூற்றுக்குப் பத்து பன்னிரண்டு பங்கு உப்பு இருப்பது சாதாரணம். நாலில் ஒரு பங்கு கலந்தால் தீவனம் முழுவதிலும் இரண்டரை முதல் 3 சதவீதம் உப்பு ஆகிவிடுகிறது. குஞ்சுத் தீவனத்தில் மொத்த உப்பு அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஐந்தாறு மடங்கு போயிருக்கிறது.

அதைக் கழுவி வெளியேற்ற நல்ல தண்ணீர் கிடைத்திருந்தால்கூடச் சில குஞ்சுகள் தாங்கியிருக்கும். கிடைத்ததோ உவர்த் தண்ணீர். நேற்றிலிருந்து ஓ.ஆர்.எஸ். வேறு. அதை உங்களுக்குக் கொடுத்தவரைக் குறை சொல்லவில்லை, கழிச்சல் என்றதும் யாரும் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.ஸில் 2.6 கிராம் உப்பு இருக்கிறது. இந்தக் குஞ்சுகளுக்கு அது எரிகிற வீட்டில் எண்ணெய்.

பெரிய கோழிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டீர்கள். அதன் சிறுநீரகம் முதிர்ந்தது. தெருவெல்லாம் மேய்ந்து புல்லும் புழுவும் தின்கிறது, பாத்திரம் கழுவிய தண்ணீரையும் குடிக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் 24 நாள் குஞ்சுக்கு நீங்கள் வைப்பதுதான் உலகம். உப்பு ஏறினால் தாகம் எடுக்கும், குடிக்கும், குடித்தது தோலுக்கடியிலும் வயிற்றிலும் கோக்கும். அப்புறம் கால் விழும், வலிப்பு வரும். காலையில் செத்தது உதைத்ததே, அது வலிப்பு.

காலையில் செத்ததைப் புதைத்துவிட்டீர்களா? இல்லையென்றால் ஐஸில் வையுங்கள். உங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சம் இருக்காது. நாளை மருந்தகத்துக்கு எடுத்துப் போனால் அறுத்துப் பார்ப்பார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. கருவாட்டுத் தீவனத்தை இந்த நிமிடமே எடுத்துவிடுங்கள். போர்த் தண்ணீரும் ஓ.ஆர்.எஸ்.ஸும் வேண்டாம். குடிக்கிற தண்ணீர் மட்டும். ஆனால் கிண்ணம் நிறைய வைக்காதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். உப்பேறிய உடம்பில் ஒரேயடியாக நல்ல தண்ணீர் போனால் மூளை வீங்கிச் செத்துவிடும். மோசமான மூன்றையும் தனியாகப் பிரித்து, ஆளுக்கு அரை ஸ்பூன் அளவு, அரை மணிக்கு ஒரு தடவை. ராத்திரி ஒரு முறையாவது எழுந்திருக்க வேண்டியிருக்கும். நாளை மதியத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். தீவனத்துக்கு உப்பில்லாமல் வேகவைத்த நொய், ஒரு முட்டையை அவித்து மசித்தது. மற்ற ஆறுக்கும் இதேதான், தண்ணீரை மட்டும் கொஞ்சம் தாராளமாக வைக்கலாம்.

---

தொண்டி சிறுவிடை

ஐயா, உப்புன்னு எனக்குத் தோணவே இல்ல, ஒத்துக்கிறேன். இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு ஆம்ப்ரோலியமும் சேத்துக் குடுத்தா என்ன? நஷ்டம் ஒண்ணும் இல்லையே.

---

பழைய ஆய்வாளர்

இருக்கிறது தம்பி. அந்த மருந்து பி1 வைட்டமினுக்கு எதிராக வேலை செய்து ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது. ஏற்கெனவே நரம்பு தளர்ந்து கால் விழுந்த குஞ்சுக்கு அந்தச் சுமையும் எதற்கு? இன்னொன்று, மருந்து கலந்த தண்ணீர் மட்டும்தான் என்று நிறையக் குடிக்கவிட வேண்டும். இங்கே தண்ணீரையே அளந்து கொடுக்கிறோம். ரத்தக்கழிச்சல் என்று தெரிந்தால் நீங்கள் சொன்ன அளவு சரியானதுதான். மரத்தூளை மாற்றச் சொன்னதும் சரி, அதை இன்றே செய்யட்டும்.

---

கடலோரக் கோழிக்காரி

மருந்தகம் காலையிலதான் திறக்கும், நாங்க தினம் மீன் ஆயுற கைதானே, நானே அறுத்துப் பாக்கட்டுமா? என்ன பாக்கணும்னு மட்டும் சொல்லுங்க.

---

பழைய ஆய்வாளர்

பெரிய கோழிகள் நன்றாக இருப்பதால் சம்மதிக்கிறேன். இந்த வரியை வேறு யாராவது படித்தால்: திடீரென்று ஒரே நாளில் பெரியதும் சின்னதுமாக விழுந்தால், கொண்டை கருத்திருந்தால், கையை வைக்காதீர்கள். அறுக்காமல் 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணுக்கோ மருந்தகத்துக்கோ சொல்லுங்கள்.

கையில் பிளாஸ்டிக் உறை, வாயில் துணி. மீன் நறுக்கும் அரிவாள்மணை வேண்டாம், பழைய பிளேடு போதும். வயிற்றுத் தோலை மெதுவாகக் கீறுங்கள், என்ன வருகிறது என்று பாருங்கள். பிறகு குடல் முடிகிற இடத்தில் முட்டுச்சந்து போல இரண்டு நீளப் பைகள் தொங்கும். ரத்தக்கழிச்சல் என்றால் அவை ரத்தம் கட்டி, கருஞ்சிவப்பாக, கை விரல் போல வீங்கியிருக்கும். முடிந்ததும் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

---

கடலோரக் கோழிக்காரி

பாத்துட்டேன். கீறுனதும் தண்ணி ஊத்துச்சு. வடிச்ச டீ மாதிரி லேசா மஞ்சளா, சின்னக் கரண்டியால மூணு கரண்டி இருக்கும். அவ்வளவு சின்ன உடம்புக்குள்ள. அந்த ரெண்டு பையும் சாதாரணமா வெளிறித்தான் இருக்கு, ரத்தம் இல்ல. தோலுக்கும் சதைக்கும் நடுவுலயும் ஈரம் பளபளன்னு.

கேன் தண்ணி போடுற பையன்கிட்ட தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்குற டிடிஎஸ் மீட்டர் இருக்கு. போர்த் தண்ணியில விட்டுப் பாக்கச் சொன்னேன், 3,900னு காட்டுச்சு. எவ்வளவு இருக்கணும்?

இப்போ பொட்டுக்கு மை நிரப்புற சொட்டுக்குழாயால தண்ணி விட்டுக்கிட்டு இருக்கேன். கத்துது. குடுக்காம இருக்கிறதுதான் மருந்துன்னு அதுக்குச் சொல்ல முடியல.

---

பழைய ஆய்வாளர்

ஆயிரத்துக்குள் இருந்தால் கவலையில்லை. மூவாயிரம் வரை எச்சம் கொஞ்சம் இளகும், வளர்ந்த கோழி சமாளிக்கும். அதற்கு மேல் கோழிக்கு ஆகாது, ஐயாயிரம் தாண்டினால் வைக்கவே கூடாது. கடல் தண்ணீர் ஏறக்குறைய 35,000. உங்கள் போர் கடலில் ஒன்பதில் ஒரு பங்கு. நீங்கள் அறுத்துப் பார்த்ததும் உப்பையே சொல்கிறது. எதற்கும் காலையில் மருந்தகத்தில் காட்டிவிடுங்கள்.

---

தீவுக்காரி

தீவுக்குள்ள எங்க வீட்டுக் கிணத்துல தண்ணி இனிக்கும்மா, அதான் எனக்கு இந்தப் பக்கம் புத்தியே போகல. பொட்டு எப்படி இருக்கு?

---

கடலோரக் கோழிக்காரி (ஆறு நாள் கழித்து)

பதில் போட நேரமே இல்ல, மன்னிச்சுக்கோங்க. மருந்தகத்துல டாக்டரும் அதையேதான் சொன்னாங்க.

மோசமா இருந்த மூணுல ஒண்ணு அன்னிக்கு ராத்திரியே போயிருச்சு. இன்னொண்ணு மூணாம் நாளு எந்திரிச்சு நடந்துச்சு. பொட்டு ரெண்டு நாள் கிடந்த கிடைதான். நாலாம் நாளு வயித்தத் தொட்டா பலூன் இல்ல, தோல் சுருங்கித் தொளதொளன்னு இருந்துச்சு. இப்போ நடக்குது, ஒரு கால் மட்டும் லேசா இழுக்குது. மிச்சம் ஆறும் தண்ணிக் கிண்ணத்தை மறந்துட்டு நொய்யைக் கொத்துதுக. ஆக எட்டு.

மாமியாருக்கு நான் விசயத்தை மறைக்கல. ஒண்ணும் சொல்லல. மறுநாள் குடத்து வண்டி வந்தப்போ அவங்களே ஒரு சின்னக் குடம் சேத்து வாங்கி, பெட்டிக்குப் பக்கத்துல வச்சுட்டுப் போனாங்க. பேரப்புள்ள அழுததுதான் காரணம்னு நினைக்கிறேன். நாத்தனார்தான் கோவிச்சுக்கிட்டு இருக்காங்க, ஏன் கருவாடுன்னு யாருகிட்ட சொன்னேன்னு.

ஒரு சந்தேகம். சாக்குல முக்காவாசி இன்னும் இருக்கு. ஊறவச்சு உப்பை எடுத்துட்டுக் குடுத்தா ஆகாதா?

---

பழைய ஆய்வாளர்

ஆகும், ஆனால் இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றி ஊறவைக்க வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரில். ஒரு கிலோ கருவாட்டுக்கு ஒரு குடம் போய்விடும். மாமியார் மறுபடி பார்ப்பார்கள். அப்படியே ஊறவைத்தாலும் உப்பு முழுதும் போகாது. இரண்டு மாதம் தாண்டிய கோழிக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். குஞ்சுக்கு வேண்டவே வேண்டாம்.

புரதத்துக்குக் காசு செலவில்லாத வழி கரையான். பழைய மண்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சணல் சாக்கு, ஓலைத் துண்டு எல்லாம் அடைத்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் தரையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் தூக்கினால் உள்ளே கரையான் இருக்கும். தட்டிவிட்டால் குஞ்சுகள் பார்த்துக்கொள்ளும். தெளிக்கும் தண்ணீர் போராக இருக்க வேண்டாம்.

---

கடலோரக் கோழிக்காரி

ரெண்டு நாளா வச்சுப் பாத்தேன் அண்ணே. முதல் நாள் ஒண்ணுமே இல்ல. ரெண்டாம் நாள் பூரா எறும்பு, கையெல்லாம் கடி. எங்க வாசல்ல மணல்தானே.

---

தொண்டி சிறுவிடை

அக்கா, மணல்ல வராது. பனை மரத்தடியில, பட்டுப்போன மட்டை கிடக்கிற இடத்துல வைங்க. எங்க பக்கம் அங்கதான் கிடைக்குது.

---

கடலோரக் கோழிக்காரி

வந்துருச்சு. ஒரு கை நிறைய. பொட்டுதான் முதல்ல ஓடியாந்துச்சு, அந்தக் காலை இழுத்துக்கிட்டு.